ஓரிமாப் பேரரசு: கேள்வி பதில்

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் மாதம் ஒருமுறை கூடித் தமிழில் கதை படிக்கிறோம், கதை சொல்கிறோம். அங்கே ஆறு வருடமாக நான் சொல்லிவரும் கற்பனைத் தீவரசுதான் ஓரிமா. அதன் மொழிகள், சாமி அடையாளங்கள், வீட்டு வழக்கங்கள் பற்றிச் சேர்ந்துபோன கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வாக்வாவிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ஒரே அரசுக்கு மூன்று மொழி எதற்கு? படிக்கும்போது குழம்புகிறது.

நம் ஊரில் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள் தம்பி. காலைப் பத்திரிகை பிரெஞ்சில், பரீட்சைத் தாள் ஆங்கிலத்தில், பஸ்ஸில் பேச்சு பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோலில், கோயிலில் தேவாரம் தமிழில். யாரும் குழம்புவதில்லை. எந்த வாசலில் எந்த மொழி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓரிமாவில் வேசல் அரண்மனை மொழி. அதில் ஆணை எழுதுவார்கள், பிள்ளையைக் கொஞ்சமாட்டார்கள். துறைப்பேச்சு எல்லோர் வாயிலும் உண்டு, அதற்கு எழுத்து கிடையாது. நூமி, உப்பளத்து வேலைக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் மொழி. பாட்டி நூமியில் கேட்பாள், பேத்தி துறைப்பேச்சில் பதில் சொல்வாள்.

கத்ர் போர்னிலிருந்து: நூமியின் இலக்கணம் தமிழ் மாதிரியே இருக்கிறதே. நகல் ஆகிவிடாதா?

சொற்கள் என்னுடையவை. எலும்புக்கூட்டைத் தமிழிலிருந்துதான் எடுத்தேன், அதில் எனக்குக் கூச்சம் இல்லை. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதை எழுதிய டோல்கீன், தன் கற்பனை மொழிகளில் ஒன்றான குவென்யாவை அமைத்தபோது ஃபின்னிய மொழியை மனதில் வைத்திருந்தார். அவருடைய இன்னொரு மொழியான சிந்தாரினின் ஓசை வேல்ஸ் மொழியிலிருந்து வந்தது. காதுக்குப் பிடித்த மொழியிலிருந்துதான் புதுமொழி பிறக்கிறது.

நான் எடுத்ததில் முக்கியமானது நாம், நாங்கள் என்ற பிரிவு. பிரெஞ்சிலும் கிரியோலிலும் இரண்டுக்கும் ஒரே ‘நூ’. ஆங்கிலத்திலும் ஒரே சொல்தான். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழும் இடம் இது. நூமியில் ‘எனா’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. ‘எமி’ என்றால் கேட்பவர் வெளியே. கதையில் அரண்மனையோடு உப்பு உடன்படிக்கை செய்த அன்று நூமிப் பெரியவர், “எமி இந்தக் கரையைக் காப்போம்” என்றார். நாங்கள் காப்போம், நீங்கள் தலையிட வேண்டாம் என்பது பொருள். வேசலில் இருப்பது ‘சோ’ என்ற ஒரே சொல். எழுத்தர் அதையே எழுதினார். அரசரும் நாமும் சேர்ந்து காப்போம் என்று அரண்மனை படித்துக்கொண்டது, கரைக்குப் படை அனுப்பியது. யாரும் பொய் சொல்லவில்லை. கதையில் வரும் மூன்று போர்களுக்கும் விதை அந்த ஒரு சொல்தான்.

போர்ட் லூயியிலிருந்து ஒரு பெரியவர்: தங்கச்சி, நாணயத்தில் எழுத்தின் வரிசையை மாற்றியதற்காக ஒரு நகரமே கடையடைத்தது என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் மிகையாகப் படுகிறதே?

அண்ணே, 1998 நவம்பரை மறந்துவிட்டீர்களா? நம் ரூபாய்த் தாளில் ஆங்கிலம், தமிழ், தேவநாகரி என்று இருந்த வரிசை புதிய தாள்களில் மாறியது. தமிழ் கடைசிக்குப் போயிற்று. எதிர்ப்புக் கிளம்பி, தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. 1999-இல் பழைய வரிசையோடு வேறு தாள்கள் வந்தன. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து வந்து இந்த நகரத்தைக் கட்டிய கொத்தனார்களின் வாரிசுகளுக்கு அது அப்படி இல்லை. 1834-இல் ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியதற்குச் சுமார் நூறு வருடம் முந்திய வரவு அது. வரிசை என்பது யார் முதலில் வந்தார் என்பதன் சாட்சி. ஓரிமாவில் நாணயம் சிறியது, அதனால் சண்டை இன்னும் பெரியது.

மஹேபூரிலிருந்து: கவிழ்த்த படகு ஏன் சாமி அடையாளம்? கடல்நீர்க் குடம் சுமப்பது நம் பால்குடம்தானே? அப்படியானால் வேல் எங்கே?

கரை இறங்கிய முதல் இரவு உப்பளத்தாருக்குக் கூரை இல்லை. வந்த படகையே கவிழ்த்து, அடியில் விளக்கை வைத்துக் கும்பிட்டார்கள். அந்த வளைகோடு அடையாளமாயிற்று. அரண்மனைப் பூசாரிகள் அதே கோட்டைக் கோட்டை வாசலில் செதுக்கி, அது அரச குலம் இறங்கி வந்த மலை என்கிறார்கள். வேறுபாடு ஒன்றுதான்: உப்பளத்தார் வரையும்போது கோட்டின் ஓர் ஓரத்தைத் தரையில் சேராமல் கொஞ்சம் தூக்கி விடுவார்கள், விளக்கை உள்ளே வைக்க. அந்த இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிள்ளைகள் வீட்டுக்குள் நுழைவார்கள்.

குடம் சுமப்பது நம்மிடமிருந்து வந்ததுதான். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து, பால் திரியாமல் கொண்டுசேர்க்க வேண்டுமே என்ற பயத்தோடு வெயிலில் நடந்திருக்கிறேன். அந்த நடையை என் கற்பனையால் உண்டாக்க முடியாது. வேல் ஒன்றைத்தான் தொடவில்லை. கதையில் கொடிகள் எரியும், மிதிபடும். நான் கும்பிடும் ஒன்றை அந்த இடத்தில் வைக்க மனம் வராது.

கூர்பீப்பிலிருந்து: கல்யாணத்துக்கு முந்திய இரவு மணப்பெண்ணின் காதில் பெயர் சொல்வது அத்தை. அம்மா ஏன் சொல்லவில்லை?

அம்மா வேறு வீட்டிலிருந்து வந்தவள். அத்தை இந்த வீட்டில் பிறந்தவள், இந்த வீட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு வேறு வீட்டுக்குப் போனவள். துறைமுக எழுத்தர் ‘யார் மகன்?’ என்று கேட்டு, அப்பன் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார். நம்மிலும் எத்தனையோ குடும்பங்களில் கப்பலேறி வந்த தாத்தாவின் சொந்தப் பெயர்தான் இன்று எல்லோருடைய கடைசிப் பெயர். பழைய வீட்டுப் பெயர் ஓரிமாவின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அத்தைகளின் நாக்கில் இருக்கிறது.

பம்ப்லெமூஸிலிருந்து: கல்யாணச் சாப்பாடு?

இலையில் ஏழு கறி. அந்த ஏழுக்கும் பெயர் நூமியில்தான். சமையலறையில் சொல் சீக்கிரம் சாகாது. நம் முருங்கை கிரியோலில் மூரூமாகி, தமிழ் தெரியாதவர் வீட்டிலும் வேகவில்லையா?

பள்ளி மாணவி ஒருத்தி: நானும் ஒரு மொழி செய்ய ஆசை. அகராதியில் எத்தனை சொல் இருந்தால் போதும்?

அகராதியை விடு கண்ணு. முதலில் உறவுமுறையை எழுது. சித்தப்பாவும் மாமாவும் கிரியோலில் ஒரே ‘தோந்தோன்’. தமிழில் சித்தப்பா மகன் அண்ணன், மாமா மகன் முறைப்பையன். உன் மொழியில் இந்த இருவருக்கும் ஒரே சொல்லா, வேறு வேறா என்று முடிவு செய். அதிலேயே யார் யாரைக் கட்டலாம், சொத்து எந்தப் பக்கம் போகும், யார் முன்னால் யார் உட்காரமாட்டார்கள் என்று பாதிக் கதை வந்துவிடும். பிறகு வசைச்சொல், பிறகு எண்கள்.

மறுபடி போர்ட் லூயிப் பெரியவர்: கடைசியில் நூமி செத்துவிடுமா?

அடுத்த மாதம் படிக்கப்போகும் பகுதியில் கிழவி இறந்துவிடுகிறாள். பேத்தி உப்புக் கூடைகளை எண்ணுகிறாள். பத்து வரை நூமியில் எண்ணுகிறாள். பதினொன்றிலிருந்து துறைப்பேச்சு. அவள் மகன் பக்கத்தில் நின்று, பத்துக்கு அப்புறம் பாட்டி எப்படி எண்ணுவாள் என்று கேட்கிறான். அந்த இடம் வரை எழுதியிருக்கிறேன் அண்ணே.