மருத்துவர் பதில்: வெல்டிங் ஒளி பட்ட கண்ணும் கண்ணில் விழுந்த இரும்புத் துகளும்

கேள்வி: என் கணவர் கோவை அருகே வீட்டின் முன்புறத்திலேயே கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். மாதத்தில் ஓரிரு முறை நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறது என்று எழுந்து தவிப்பார். மருந்துக்கடையில் வாங்கிய ஒரு சொட்டு மருந்தை விட்டால் உடனே வலி நின்றுவிடுகிறது. என் மாமியார் தாய்ப்பால் விடச் சொல்கிறார். இந்த முறை வலது கண் மட்டும் 3 நாட்களாகச் சிவந்திருக்கிறது. ஜி.ஐ. பைப் வெல்டிங் செய்யும் நாட்களில் இரவில் குளிர்காய்ச்சலும் வருகிறது. பால் குடித்தால் சரியாகும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி ‘வலது கண் மட்டும், 3 நாட்களாக’ என்பதுதான். ஆகவே, இதைப் படித்து முடித்ததும் இன்றே அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

வெல்டிங் தீப்பொறியின் ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் மிகுதியாக இருக்கின்றன. கருவிழியின் மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய செல் அடுக்கு அவற்றை உறிஞ்சிக்கொண்டு, வெயிலில் தோல் உரிவதைப்போலச் சிதைந்து உதிர்கிறது. அதன் கீழிருக்கும் நுண் நரம்புகள் திறந்துகொள்வதால் உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம் ஆகியவை தோன்றுகின்றன. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால்தான் பகலில் வேலை செய்தவருக்கு நள்ளிரவில் வலி தொடங்குகிறது. பெரும்பாலும் இரண்டு கண்களும் பாதிக்கப்படும்; பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அந்த அடுக்கு தானாகவே வளர்ந்து மூடிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியை மூடிய இமைகளின் மேல் வைப்பதும், இருட்டறையில் ஓய்வெடுப்பதும், வழக்கமான அளவில் பாராசிட்டமால் எடுத்துக்கொள்வதும், மருத்துவர் எழுதித் தரும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு அல்லது களிம்பைப் பயன்படுத்துவதும் போதுமானவை. கண்ணைக் கசக்கக் கூடாது.

ஒரு கண் மட்டும் சிவந்து, 2 நாட்களைத் தாண்டியும் ஆறவில்லை என்றால் அதை ‘வெல்டிங் அடித்துவிட்டது’ என்று ஒதுக்கிவிட முடியாது. கிரைண்டரிலிருந்து பறந்த இரும்புத் துகள் கருவிழியில் பதிந்திருக்கலாம். அல்லது அந்தப் புண்ணில் கிருமி இறங்கியிருக்கலாம். கருவிழியில் பதிந்த இரும்பு ஓரிரு நாட்களுக்குள்ளேயே துருப்பிடித்துத் தன்னைச் சுற்றி ஒரு பழுப்பு வளையத்தை உண்டாக்கும். கண் மருத்துவர் உருப்பெருக்கியில் பார்த்து அதை எடுத்துவிடுவார். சில நிமிட வேலை. பட்டறைகளில் அனுபவமுள்ள ஒருவர் துணி நுனியாலோ ஊசியாலோ தூசி எடுத்துவிடுகிறார். அவருடைய அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி எடுத்த பிறகு கருவிழியில் புண்ணோடு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் நொந்துபோயிருக்கிறது.

உடனே வலியை நிறுத்தும் அந்தச் சொட்டு மருந்து எது என்று நீங்கள் எழுதவில்லை. நொடிகளில் வலி மறைகிறது என்றால் அது பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக இருக்கும். புரோபராகெயின் போன்ற அம்மருந்துகளை நாங்கள் கண்ணைச் சோதிக்கும் நேரத்தில் ஓரிரு சொட்டு விடுகிறோமே தவிர, வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. திரும்பத் திரும்ப விட்டால் புதிய செல்கள் வளர்வது தடைப்பட்டு, ஆற வேண்டிய புண் ஆழமாகிக் கருவிழியே கரையும் நிலை வரலாம். வலி தெரியாததால் அவர் அதை உணரவும் மாட்டார். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துகள் சிவப்பைக் குறைத்து நலமானதுபோல் காட்டும். ஆனால் நம் தென்னிந்தியாவில் பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் அதிகம். அந்தப் புண்ணில் ஸ்டீராய்டு பட்டால் பூஞ்சை தடையின்றிப் பரவும். தாய்ப்பால் குழந்தைக்கு ஒப்பற்ற உணவு என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் அது கிருமி நீக்கிய திரவம் அன்று. மேலடுக்கு உதிர்ந்த கண்ணில் அதை விட வேண்டாம் என்று உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்தின் புட்டியை மறக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரும்பைச் சுத்தியலால் அடிக்கும்போதோ, கட்டிங் வீல் உடையும்போதோ வேகமாகப் பறந்த துண்டு ஒன்று கண்ணுக்குள்ளேயே துளைத்துச் சென்றிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. பார்வை மங்கினாலும், கண்மணியின் வட்டம் கோணலாகத் தெரிந்தாலும் கண்ணைக் கழுவவோ அழுத்தவோ கூடாது. காகிதக் கோப்பை ஒன்றைக் கண்ணில் படாமல் கவிழ்த்து ஒட்டி, அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்காமல் உடனே கண் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உலோக வேலை செய்பவருக்குப் பின்னாளில் எந்தக் காரணத்துக்காகவும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் தொழிலை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணுக்குள் தங்கிய இரும்பை அந்த ஸ்கேன் கருவியின் வலிய காந்தம் நகர்த்திவிடக்கூடும்.

அடுத்தது அந்தக் குளிர்காய்ச்சல். ஜி.ஐ. பைப்பின் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் சூட்டில் ஆவியாகி வெண்புகையாக எழுகிறது. அதைச் சுவாசித்த சில மணி நேரத்தில் வாயில் உலோகச் சுவை, தாகம், நடுக்கம், உடல்வலி, காய்ச்சல் ஆகியவை வந்து, ஓரிரு நாட்களில் அடங்கும். தினமும் புகையில் நிற்பவருக்கு உடல் ஓரளவு பழகிப்போய், ஞாயிறு விடுமுறை முடிந்து திங்களன்று வேலைக்குத் திரும்பியதும் காய்ச்சல் கடுமையாக வருவதும் உண்டு. புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது இரைப்பைக்கு. ஆகவே பால் அதை முறிக்காது. பற்றவைக்கும் இடத்தின் இருபுறமும் 2 அங்குல அளவுக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, புகை முகத்தின் வழியே ஏறாதபடி காற்று பக்கவாட்டில் வீசும் இடத்தில் நின்று, என்95 முகக்கவசம் அணிந்து செய்தால் பெருமளவு தப்பலாம். பூச்சைத் தேய்க்கும்போதும் அந்த முகக்கவசம் இருக்க வேண்டும். கர்ச்சீப் கட்டுவதால் பயனில்லை. மூச்சுத்திணறல் கூடிக்கொண்டே போனால் அது வெறும் துத்தநாகக் காய்ச்சல் அன்று. காட்மியம் பூசிய பொருளின் புகையும் தொடக்கத்தில் இதேபோல் காட்டி, பிறகு நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். அப்போது தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-இல் வகைப்படுத்தியிருக்கிறது. காய்ச்சல் வராத நாட்களிலும் புகையைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான்.

கண் காப்பைப் பொறுத்தவரை, கிரில் வேலைக்கு 10 அல்லது 11 எண் கொண்ட கருப்புக் கண்ணாடி, முகத்தை மறைக்கும் ஷீல்டில் இருக்க வேண்டும். விரிசல் விட்டதை அன்றே மாற்ற வேண்டும். வெயில் கண்ணாடி இதற்கு ஈடாகாது. ‘ஒரு டேக்தானே’ என்று, துண்டுகளை நிறுத்தி வைக்கும் சிறு பற்றவைப்பை ஷீல்டு இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு வைக்கும் பழக்கத்தில்தான் பலருக்கு ஒளி படுகிறது. வெல்டிங் ராடு பற்றும் கணமும் இமை மூடும் கணமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பற்றவைத்த இடத்தில் படிந்த கசடைத் தட்டும்போது ஷீல்டை எடுத்துவிடுவதால் அந்த நேரத்தில் துகள் கண்ணில் தெறிக்கிறது. எனவே பக்கங்களும் மூடிய நிறமற்ற பாலிகார்பனேட் கண்ணாடியைக் காலையிலேயே போட்டு, ஷீல்டுக்குள்ளும் கழற்றாமல் இருக்கச் சொல்லுங்கள். கிரைண்டரின் பாதுகாப்பு மூடியான கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வீலை மாட்டுவது வேண்டவே வேண்டாம்.

பட்டறை வீட்டின் முன்புறம் என்று எழுதியிருக்கிறீர்கள். சுண்ணாம்படித்த சுவரிலிருந்து திரும்பும் ஒளியும் கண்ணைத் தாக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் கண் வில்லை தெளிவாக இருப்பதால் அவர்களுக்குக் கதிர்கள் விழித்திரை வரை எளிதில் செல்லும். வாசல் பக்கம் தடித்த தார்பாய்த் திரை ஒன்றைக் கட்டி, வேலை நடக்கும் நேரத்தில் அதை இழுத்து மூடி வைக்கச் சொல்லுங்கள்.