சீரியல் லைட், கீற்றுப் பந்தல், தீக்காயம்: யார் பொறுப்பு? (கேள்வி பதில்)

திருச்சியில் தீக்காய இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறேன். தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் என்று வரிசையாக வருவதால் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். பதிலுக்கு முன் ஒன்று: எரிந்த பொருளைக் குப்பையில் போடாதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடிவீடு, சேலம்: சார், கார்த்திகைக்குப் போட்ட சீரியல் செட் பிளக் பக்கம் உருகித் தீப்பிடித்து, மனைவிக்குக் கையெல்லாம் காயம். பிளாட்பாரக் கடையில் வாங்கியது. பில் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை. கேஸ் நிற்குமா?

கம்பெனி பெயர் இல்லாததே உங்களுக்குச் சாதகம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 86ஆம் பிரிவைப் பாருங்கள். தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால், விற்றவர் மீதே பொறுப்பு விழும். 'நான் வாங்கி விற்பவன்தானே' என்று அவர் கையை விரிக்க முடியாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. சீரியல் செட் என்ன விலை இருக்கப்போகிறது?

பில் இல்லாவிட்டால் ஜிபே, போன்பே பதிவு போதும். உருகிய பிளக்கை வயரை வெட்டாமல் அப்படியே காகித உறையில் போட்டு வையுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பாக்ஸை மாற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். தீயணைப்பு வண்டி வந்திருந்தால் அவர்கள் அறிக்கையை எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) நகல். அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் 'எப்படிப் பட்டது?' என்று கேட்டு, நீங்கள் சொல்வதை ஒரே வரியில் எழுதுவார். போலீஸ் வருமோ என்று பயந்து 'அடுப்பில் பட்டுடுச்சு' என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். பிறகு நீங்கள் எத்தனை சாட்சி கொண்டுவந்தாலும், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் படித்துக் காட்டுவார்.

நான்கு பிள்ளை அம்மா: தீக்காயத்துக்கு உடனே டூத்பேஸ்ட் போடலாமா சார்?

கூடாது. இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றதை டாக்டரிடம் கேளுங்கம்மா, நான் வக்கீல்.

ஈஎல்சிபி ரசிகன்: வீட்டில் ஈஎல்சிபி இருக்கு. அப்புறம் என்ன பயம்?

ஈஎல்சிபி, கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி. அது பார்ப்பது கசிவை மட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் லூசாக நிற்கும் பிளக்கில் கசிவு இல்லை, சூடுதான் ஏறும். கரண்ட் அளவும் கூடாததால், அளவு மீறினால் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சும் விழாது. பிளாஸ்டிக் உருகி, பக்கத்துத் தெர்மாகோல் பிடித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

மணமகன் தோழன்: மண்டபத்து மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல் போட்டு லைட் அலங்காரம் செய்யச் சொல்கிறார்கள். 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று போர்டும் இருக்கிறது.

வேண்டாம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்ததும் இதேபோல மாடிக் கொட்டகையில்தான். வீடியோ விளக்குக்குப் போன வயரிலிருந்து தீ கீற்றில் ஏறியது. மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அந்த போர்டை நம்ப வேண்டாம். கவனக்குறைவைப் போர்டு மாட்டி மன்னிக்க வைக்க முடியாது.

பந்தல்காரன், மதுரை: அண்ணே, எதற்கெடுத்தாலும் கீற்றையே திட்டுறீங்க. துணிப் பந்தல் மட்டும் எரியாதா?

எரியும் தம்பி, நன்றாகவே எரியும். ஹரியானாவில் டப்வாலி என்ற ஊரில் 1995 டிசம்பர் 23 அன்று பள்ளி ஆண்டு விழா. சிந்தெடிக் ஷாமியானா. 442 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். கீற்று பொறியாகப் பறக்கும், சிந்தெடிக் உருகித் தலையில் சொட்டும். இரண்டில் எது பரவாயில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பந்தல்காரன், மதுரை: எங்க தாத்தா காலத்திலிருந்து கீற்றுதான். ஒண்ணும் ஆகலையே?

தாத்தா பந்தலுக்குள் சீரியல் செட், டிஜே பாக்ஸ், எல்இடி ஸ்கிரீன், புகை மிஷின் இருந்ததா? பந்தலைச் சுற்றி நாலு பக்கமும் திறந்த களம் இருந்தது. இப்போது மாடியில் ஒரே படிக்கட்டு.

ஊர்வம்பு: அப்போ தீப்பிடிச்சா பந்தல்காரர்தான் உள்ளே போகணுமா?

அவர் மட்டும் இல்லை. டப்வாலி வழக்கில் 2009இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் இழப்பீட்டில் 55 சதவீதத்தைப் பள்ளி நிர்வாகத்தின் மேலும், 45 சதவீதத்தை அரசுத் தரப்பின் மேலும் போட்டது. இடம் யார் கையில் இருந்தது, வழியை யார் அடைத்தது, வயரை யார் இழுத்தது, பார்க்க வேண்டியவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். குற்ற வழக்கு தனி. உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 106ஆம் பிரிவு, காயமென்றால் 125, தீயைக் கவனிக்காமல் விட்டதற்கு 287. பந்தல்காரர் தம்பி, உங்கள் ஒப்பந்தச் சீட்டில் 'மின் வேலை எங்களுடையது அல்ல' என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் ஆள் ஏணியில் ஏறி லைட் மாட்டிக்கொண்டே இருந்தால் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை.

அக்கா கடை: பில் இல்லாத சீரியல் லைட்டுக்குக் கேஸ் போடலாமா?

முதல் பதில்.

ராக்கெட் பாதிக்கப்பட்டவர்: எதிர்வீட்டுப் பையன் விட்ட ராக்கெட் எங்கள் கூரையில் விழுந்தது. அப்பா கட்டணுமா?

பையன் செய்த ஒரே காரணத்துக்காக அப்பா மாட்டமாட்டார். சின்னப் பிள்ளையிடம் ராக்கெட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார் என்று காட்டினால் மாட்டுவார். எரிந்த ராக்கெட் குச்சியை எடுத்து வைத்தீர்களா?

குடில் குழு: சர்ச் குடிலில் வைக்கோலுக்குள் பல்பு வைக்கலாமா?

வைக்கோல் வேண்டுமென்றால் பல்பு வெளியே.

புதுவீடு: வீட்டு இன்சூரன்ஸ் இதற்கு வருமா?

பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் உங்கள் வீடும் சாமானும் அடங்கும். உங்கள் லைட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் நஷ்ட ஈடு அடங்காது.

பெயர் வேண்டாம்: சார், பில் இல்லை, பிராண்டும் இல்லை, லைட்டைத் தூக்கியும் போட்டாச்சு...

குப்பை வண்டி போயாச்சா என்று முதலில் பாருங்கள்.

திருவிழாக் கமிட்டி: கம்பத்தில் கொக்கி போட்டு லைட் எடுக்கிறோம். ஒரு வாரம்தானே?

மின்சாரச் சட்டம் 135, மூன்று வருடம் வரை சிறை. அந்த வயரில் யாருக்காவது பட்டால் கமிட்டியில் கையெழுத்துப் போட்டவர் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். தஞ்சை களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் அலங்காரம் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தேர் போகிற தெருவில் லைன் எவ்வளவு உயரம் என்று மின்வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தற்காலிக இணைப்புக்குக் கமிட்டி பெயரில் மனு கொடுத்து, ரசீதை நம்பர் தெரிகிற மாதிரி செராக்ஸ் எடுத்து வையுங்கள்.