சீருடையைக் கழற்றிய பிறகு

கேள்வி: எங்களுடையது சிறு நகரம். இங்கே முப்பது வருடம் போலீஸாக இருந்து ஓய்வு பெற்றவர் கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறார். "அதட்டிப் பழகியவருக்கு மக்கள் சேவை எப்படி வரும்?" என்பது என் கட்சி. "ஊரை நிமிர்த்த இவர்தான் ஆள்" என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் சீருடையைத்தான் பார்க்கிறீர்கள், அதற்குள் இருந்த மனிதரைப் பார்க்கவில்லை.

முதலில் உங்களுக்கு. சிறிய ஊர்ப் போலீஸ்காரர் திருடனைத் துரத்துகிற நேரம் கொஞ்சம்தான். மற்ற நேரமெல்லாம் வேலித் தகராறு, காணாமல் போன பிள்ளை, குடித்துவிட்டு அடிக்கிற கணவன், கதவைத் திறந்து போட்டுவிட்டு எங்கோ நடந்துபோன முதியவர். நேற்று அபராதம் போட்ட ஆளை இன்று பள்ளிக்கூட வாசலில் பார்த்தாக வேண்டும். இருவர் பிள்ளைகளும் ஒரே வகுப்பாக இருக்கும். வெறும் அதட்டலை வைத்துக்கொண்டு அங்கே காலம் தள்ள முடியாது.

ஒரே திருப்பத்தில் மூன்றாவது விபத்து என்று வையுங்கள். கொட்டுகிற மழையில் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டேப் பிடித்து அளந்து படம் வரைகிறவர் அவர்தான். அந்த முனையில் விளக்கு இல்லை என்று மூன்று தடவையும் எழுதியிருப்பார். விளக்குப் போடும் அதிகாரம் மட்டும் அவர் கையில் இல்லை. அந்த ஆற்றாமையில் ஒருவர் தேர்தலில் நின்றால், அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் உங்கள் தம்பிக்கு. டாம் பிராட்லி 1940-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் சேர்ந்தவர். பெரிய நகரம்தான், ஆனாலும் அவர் கதை உங்கள் ஊருக்கும் பொருந்தும். வேலையில் இருந்தபடியே சட்டம் படித்தார். கறுப்பினத்தவர் என்பதால் லெப்டினன்ட் பதவிக்கு மேல் வழியில்லை, வெளியே வந்தார். 1963-ல் நகர மன்ற உறுப்பினர். 1969-ல் மேயர் தேர்தலில் தோற்று, 1973-ல் ஜெயித்து, இருபது வருடம் மேயராக இருந்தார். 1991-ல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸார் அடித்த வீடியோ வெளியானபோது, போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸை ராஜினாமா செய்யச் சொன்னார். கேட்ஸ் மறுத்துவிட்டார். மேயர் நினைத்தால் அவரை நீக்கிவிட நகரச் சட்டத்தில் இடமில்லை. முன்னாள் போலீஸ்காரரான மேயருக்கே இதுதான் நிலை. 1992-ல் மக்கள் ஓட்டுப் போட்டுச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் போலீஸ் தலைவரின் பதவிக்காலத்துக்கு வரம்பு வந்தது.

மன்றத்தில் உத்தரவு செல்லாது, தம்பி. ஒரு தெருவிளக்குக்குக்கூடப் பக்கத்து வார்டுக்காரரின் ஓட்டு வேண்டும். அவர் சல்யூட் அடிக்க மாட்டார், எதிர்த்துக் கேள்வி கேட்பார். அதைப் பொறுமையாகக் கேட்டு, பதில் சொல்லி, தோற்றால் அடுத்த கூட்டத்துக்கும் வர வேண்டும். முப்பது வருடம் உத்தரவு போட்டவருக்கு இதுதான் சிரமமான பாடம்.

அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது இரண்டு பேரும் வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உங்கள் சக போலீஸ்காரர் மேல் புகார் கொடுக்க யாராவது ஸ்டேஷனுக்கு வந்தார்களா? அவரை உட்கார வைத்து எழுதி வாங்கினீர்களா, திருப்பி அனுப்பினீர்களா?" நாளைக்கு நகராட்சியின் மேலேயே புகாரோடு நீங்கள் போகப்போவது அவரிடம்தான்.