சட்டத்தில் யாரை விட்டார்கள்? நியூ டீல் காலத்து அமெரிக்கா பற்றிக் கேள்வி பதில்

1910 முதல் 1950 வரையிலான அமெரிக்கத் தொழிலாளர் சட்டங்களைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். நியூ டீல் என்பது 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தைச் சமாளிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சட்டங்களும் திட்டங்களும்.

கோவை மாணவி: சார், நியூ டீல் 1933-இல் தொடங்கியது என்று எழுதினால் போதுமா?

தேர்வுக்குப் போதும். ரூஸ்வெல்ட் பதவியேற்ற ஆண்டு அது. உழைப்பாளிகளில் நான்கில் ஒருவருக்கு அப்போது வேலை இல்லை. ஆனால் அந்தச் சட்டங்களை எழுதியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் 1911 மார்ச் 25-க்குப் போங்கள். நியூயார்க்கில் ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலை எரிந்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த குடும்பங்களின் இளம்பெண்கள். ஒரு வாசல் கதவு பூட்டியிருந்தது. தீயணைப்புப் படையின் ஏணி அந்த மாடிகளை எட்டவில்லை. தெருவில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். 1933-இல் அவர்தான் தொழிலாளர் துறை அமைச்சர், அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண். 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஓய்வூதியத் திட்டத்தை வகுத்த குழுவுக்கும் அவரே தலைவர்.

சேலம் வாசகர்: மதுவிலக்கு ஏன் தோற்றது?

என் துறை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: 1920 முதல் 1933 வரை தயாரிப்பதும் விற்பதும் கொண்டுசெல்வதும்தான் தடை, குடிப்பது அல்ல. சட்டத்தின் வாசகத்தைப் படித்துவிட்டுக் காரணம் தேடுங்கள்.

திருச்சி வாசகி: 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம் எல்லா முதியவர்களுக்கும் ஓய்வூதியம் கொடுத்ததா?

இல்லை அம்மா. அதன் ஓய்வூதியத் திட்டம் சம்பளத்தில் வரி பிடித்து, 65 வயதுக்குப் பிறகு மாதாமாதம் பணம் தந்தது. பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலை செய்தவர்களும் அதில் இல்லை. கறுப்பினத் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இப்படி வெளியே நின்றார்கள். இது பிற்காலத்தில் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. மசோதா செனட் குழுவில் இருந்தபோதே கறுப்பின வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் நேரில் போய்ச் சாட்சி சொன்னார்: இது ஒரு சல்லடை, பெரும்பாலான கறுப்பினத்தவர் விழுந்துபோகும் அளவுக்கே இதில் ஓட்டை இருக்கிறது என்று. யாரும் கேட்கவில்லை.

மதுரை வாசகர்: ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த விலக்கைக் கேட்டவர் நிதியமைச்சர் மார்கென்தாவ், நியூயார்க்காரர். பண்ணை பண்ணையாக, வீடு வீடாகப் போய் வரி வசூலிக்க முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். விலக்கப்பட்டவர்களில் வெள்ளையரே அதிகம். இதில் நிறவெறி எங்கே?

நல்ல கேள்வி. நீங்கள் சொன்ன இரண்டு தகவலும் உண்மை. பிரிட்டன்கூட வேலையின்மைக் காப்பீட்டில் விவசாயக் கூலிகளை 1936-இல்தான் சேர்த்தது. ஆனால் இந்த ஒரு சட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதே 1935-இல் தொழிற்சங்க உரிமைக்காக வந்த வாக்னர் சட்டத்தைப் பாருங்கள். 1938-இல் மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த சட்டத்தையும் பாருங்கள். இரண்டிலும் ஒரு காசு வரி வசூலிக்க வேண்டியதில்லை. பண்ணைக் கூலியும் வீட்டு வேலைக்காரரும் அவற்றிலும் இல்லையே, ஏன்?

யாழ்ப்பாணத்து ஆசிரியர்: சமூகப் பாதுகாப்பு மசோதாவை ஆராய்ந்த குழுக்களின் தலைவர்கள் யார் என்றும் சொல்லுங்கள். செனட் நிதிக் குழுவுக்கு மிசிசிப்பியின் ஹாரிசன், கீழவையில் வட கரோலினாவின் டவுட்டன்.

ஆமாம் ஐயா. இருவரும் தெற்கு மாநிலத்தவர்கள். அந்த மாநிலங்களில் ஒரே கட்சி ஆட்சி. கறுப்பினத்தவரில் மிகப் பெரும்பாலோரை ஓட்டுப் போட விடவில்லை. அங்கே ஒருமுறை ஜெயித்தவர் திரும்பத் திரும்ப ஜெயித்தார், மூப்பு அடிப்படையில் குழுத் தலைமை அவர் கைக்குப் போனது. அவர்களைத் தாண்டி எந்த மசோதாவும் நகராது.

மதுரை வாசகர்: கலிபோர்னியாவின் பெரும்பண்ணை முதலாளிகளும் இதைத்தானே விரும்பினார்கள்?

விரும்பினார்கள். மலிவான கூலியாள் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தெற்கில் அதே கணக்கோடு சாதிக் கட்டுமானம் போன்ற ஒரு நிறக் கட்டுமானமும் இருந்தது. நிர்வாகச் சிரமம் ஒரு காரணம், பண்ணையார் நலன் இன்னொன்று, நிற ஆதிக்கம் மூன்றாவது. முதல் காரணத்தை மட்டும் வைத்து மூன்று சட்டங்களையும் விளக்க முடியாது. என் வாதம் அவ்வளவுதான்.

ஈரோடு வாசகர்: பெருமந்தத்தை முடித்தது ரூஸ்வெல்டா, போரா?

இதே கேள்வியைப் பலர் அனுப்பியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1933-க்குப் பிறகு வேலையின்மை நன்றாகக் குறைந்தது. 1937-இல் அரசு செலவைச் சுருக்கியதும் மறுபடி ஏறியது. முழுதாகத் தீர்ந்தது போர் உற்பத்தியில். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

நெல்லை வாசகர்: ரூஸ்வெல்ட் சோஷலிஸ்டா?

இல்லை. முதலில் அவர் வங்கிகளை என்ன செய்தார் என்று படியுங்கள். தேசியமயமாக்கவில்லை, காப்பாற்றினார்.

சென்னை வாசகி: அப்போது அங்கே இருந்த இந்தியர்கள் நிலை?

1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியான வெள்ளையர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர் அவர். 1946-இல் தான் இந்தியருக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது, அதுவும் ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்ற அளவோடு.

மதுரை வாசகர்: விடமாட்டேன். அந்த விலக்குகளைப் பிறகு சரிசெய்துவிட்டார்கள் இல்லையா?

ஒவ்வொன்றாக. ஓய்வூதியத்தில் 1950-லும் 1954-லும் பெரும்பாலோரைச் சேர்த்தார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பண்ணைகளில் ஒரு பகுதியைத் தொட 1966 ஆனது, வீட்டு வேலையைத் தொட 1974 ஆனது. வாக்னர் சட்டத்தில் இன்றும் சேர்க்கவில்லை. கலிபோர்னியா 1975-இல் பண்ணைத் தொழிலாளர்களுக்குத் தனியாக மாநிலச் சட்டம் போட்டது அதனால்தான். வாக்னர் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் ‘தொழிலாளி’ என்பதற்குத் தந்திருக்கும் விளக்கத்தைப் பாருங்கள். விவசாயக் கூலியையும் வீட்டு வேலை செய்பவரையும் நீக்கும் வரி அங்கேயே இருக்கிறது.