முயல் படம் போட்ட தீனியெல்லாம் முயலுக்கானதா?

கேள்வி: எங்கள் முயலுக்கு ஒன்றரை வயது, எடை 2 கிலோ. முயல்களுக்கென்றே விற்கும் யோகர்ட் துண்டுகளும், தேன் தடவிய தானியக் குச்சியும் வாங்கிப் போட்டேன். ஆசையாகத் தின்கிறது. ஆனால் இப்போது காய்ந்த புல்லைச் சரியாகத் தொடுவதில்லை. மெத்தென்ற புழுக்கை பின்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. பாக்கெட்டில் முயல் படம் போட்டுத்தானே விற்கிறார்கள், அதை நம்பக்கூடாதா?

பதில்: நம்பக்கூடாது. இரண்டையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். முயல் ஆசைப்படுவதில் ஆச்சரியம் இல்லை, இனிப்பு என்றால் அதற்கு உயிர். ஆனால் அதன் வயிறு அதற்கென்று அமைந்ததில்லை.

முயல் உண்ணும் புல்லின் நார்தான் அதன் குடலை ஓயாமல் நகர்த்துகிறது. பெருங்குடலின் தொடக்கத்தில் சீக்கம் என்று ஒரு பெரிய பை உண்டு. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் உணவைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அந்தச் சத்து மென்மையான உருண்டைகளாக வெளிவரும், முயல் அதை நேரே வாயால் எடுத்துத் தின்றுவிடும். சர்க்கரையும் மாவுச்சத்தும் அதிகமாகி நார் குறைந்தால் நுண்ணுயிர்களின் சமநிலை கெடும். உருண்டைகள் களியாகி ஒட்டும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். யோகர்ட் துண்டில் சர்க்கரையோடு பால் பொருளும் சேர்கிறது. வளர்ந்த முயலுக்குப் பால் செரிக்காது. புல்லை மெல்லாவிட்டால் பல்லும் கெடும், ஏனென்றால் முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை மென்றால்தான் தேயும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முயல் அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தாலோ, புழுக்கை நின்றுபோனாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போது புல்லைத் தொடாததற்குப் பல்வலிகூடக் காரணமாக இருக்கலாம், அதனால் இனிப்பை நிறுத்திய பிறகும் தொடாவிட்டால் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, எதை வாங்குவது? காசை முதலில் நல்ல புல்லில் போடுங்கள். தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். திமோதி புல் வளர்ந்த முயலுக்கு ஏற்றது. குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் புரதமும் கால்சியமும் கூடுதல் என்பதால் அது குட்டிகளுக்கு. வைக்கோல் படுக்கைக்குச் சரி, அதில் சத்து குறைவு. பெல்லட் (அரைத்து அழுத்திச் செய்த தீனித் துண்டு) வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பி நார் அளவைப் பாருங்கள், 18 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சோளம், விதை, வண்ணத் துண்டு கலந்த பாக்கெட் வேண்டாம், முயல் இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை விட்டுவிடும். உங்கள் முயலுக்குப் பெல்லட் நாளொன்றுக்கு 50 கிராமைத் தாண்டவே கூடாது.

பரிசாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும், எனக்குப் புரிகிறது. கொத்தமல்லியோ புதினாவோ இரண்டு கொத்து கொடுங்கள், அதற்கும் ஓடிவரும். ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி, வாழைப்பழம் எதுவானாலும் வயிறு முழுதாகச் சரியான பிறகு ஒரு டீஸ்பூன், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். ஆப்பிள் விதையை எடுத்துவிடுங்கள். கேரட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும், அதிலும் சர்க்கரை உண்டு. அதன் இலையைக் கொடுப்பது மேல். புதிய கீரை எதுவானாலும் ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாகப் பழக்குங்கள். வெங்காயம், பூண்டு, அவகாடோ, சாக்லேட் பக்கமே போகக்கூடாது.

கேள்வி: பெரிய பொதியாக வாங்கினால் மலிவாக இருக்கிறது. வாங்கி வைக்கலாமா?

பதில்: புல்லை வாங்கலாம். பச்சை நிறம் மாறாமல், நல்ல வாசனையோடு, தூசியும் பூஞ்சையும் இல்லாமல் இருக்க வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அட்டைப்பெட்டியோ துணிப்பையோ நல்லது. பெல்லட் அப்படியில்லை. நாளாக ஆக அதிலுள்ள வைட்டமின்கள் குறையும், காலாவதித் தேதி பார்த்துச் சிறிய பாக்கெட்டாகவே வாங்குங்கள்.