ஏப்ரலில் ஒரு தீர்ப்பு, நவம்பரில் ஒரு கருத்து: ஆளுநர் மசோதா வழக்கில் எதுதான் செல்லும்?

"ஆளுநருக்குக் கெடு விதித்த உச்ச நீதிமன்றமே பிறகு கெடு கிடையாது என்றும் சொல்லிவிட்டதே, அப்படியானால் முதல் தீர்ப்பு ரத்தா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்து இல்லை. ஆனால் அதன் பல் பிடுங்கப்பட்டுவிட்டது.

நான் வழக்கறிஞர் அல்ல. நான் முனைவர் பட்டம் முடித்த சமயம் எங்கள் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் இல்லை. சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்கப் போனால், "வி.சி. இல்ல சார், கமிட்டிதான் பாக்குது, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அந்த நாற்காலி ஏன் காலியாகக் கிடக்கிறது என்று தேடப் போய்த்தான் பேரவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் என்ன செய்யலாம் என்று சொல்லும் அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவில் வந்து விழுந்தேன்.

தகராறே அந்த நாற்காலிதான். துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் வேந்தரான ஆளுநரிடமா, மாநில அரசிடமா என்பதுதான் ஆளுநரிடம் சிக்கிய தமிழ்நாட்டு மசோதாக்களில் பெரும்பாலானவற்றின் விஷயம். அவற்றில் பழையவை 2020-இல், அதாவது அ.தி.மு.க. ஆட்சியிலேயே நிறைவேறியவை. பஞ்சாப் அரசு தன் ஆளுநர் மீது போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், மசோதாவை ஆளுநர் காலவரையின்றிக் கிடப்பில் போட முடியாது என்று சொன்னது 2023 நவம்பர் 10 அன்று. மூன்றே நாளில், நவம்பர் 13 அன்று, அப்போதைய தமிழ்நாடு ஆளுநர் ஆர்.என். ரவி 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைத்தார். 18-ஆம் தேதி பேரவை சிறப்புக் கூட்டம் கூட்டி அப்படியே மீண்டும் நிறைவேற்றியது. 28-ஆம் தேதி அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, அப்படி அனுப்பியதே செல்லாது என்றது. முழு நீதி வழங்கத் தேவையான உத்தரவைப் போட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 142-ஆவது பிரிவைக் கையிலெடுத்து, 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றும் அறிவித்தது. ஆளுநருக்குச் சூழலைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று மாதம், குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம் என்று கெடுவும் வைத்தது. ஆளுநர் கையெழுத்தும் இல்லாமல், குடியரசுத் தலைவர் கையெழுத்தும் இல்லாமல் சட்டங்கள் அரசிதழில் வந்தன. அன்று எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது.

மே 13 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, சட்டச் சந்தேகங்களில் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழிசெய்யும் 143-ஆவது பிரிவின் கீழ் 14 கேள்விகளை அதற்கு அனுப்பினார். அப்போதைய தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான ஐந்து பேர் அமர்வு நவம்பர் 20 அன்று பதில் சொன்னது: அரசியலமைப்பில் இல்லாத கெடுவை நீதிமன்றம் எழுதிச் சேர்க்க முடியாது, 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது' என்பதும் கூடாது.

பல பத்திரிகைகள் இதோடு நிறுத்திக்கொண்டன. ஆனால் காரணம் சொல்லாமல் மசோதாவைச் சும்மா நிறுத்திவைத்துச் சாகடிக்கும் உரிமை ஆளுநருக்கு உண்டு என்ற வாதத்தையும் அதே அமர்வு ஏற்கவில்லை. ஒப்புதல் தரலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம், இல்லையென்றால் கருத்தோடு பேரவைக்குத் திருப்பியனுப்ப வேண்டும். விளக்கமே இல்லாமல் நெடுங்காலம் இழுத்தடித்தால், 'ஏதாவது ஒரு முடிவெடுங்கள்' என்று மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம். என்ன முடிவு என்று சொல்ல முடியாது.

சட்டப் புத்தகத்தின்படி நவம்பர் கருத்தில் பெரிய குறை எனக்குத் தெரியவில்லை. அரசியலமைப்புக்குப் பொருள் சொல்லும் கனமான கேள்விக்கு ஐந்து நீதிபதிகளாவது வேண்டும் என்று அரசியலமைப்பின் 145(3) பிரிவே சொல்லும்போது, இருவர் அமர்ந்து குடியரசுத் தலைவருக்கே கெடு வைத்தது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நடைமுறை வேறு. 'நெடுங்காலம்' என்பது எத்தனை மாதம்? அதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு முறையும் மாநிலம் டெல்லிக்கு வக்கீலைக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும். அதற்குள் ஆட்சிக்காலம் பாதி போய்விடும்.

இனி உங்கள் கேள்விக்கு. 143-இன் கீழ் சொல்லப்படுவது கருத்து. முடிந்த வழக்கின் மீது அது மேல்முறையீடு ஆகாது. 1991-இல் காவிரி விவகாரத்திலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்த 10 மசோதாக்களைப் பொறுத்தவரை ஏப்ரல் தீர்ப்பு நிற்கிறது. அடுத்து வரும் மசோதாக்களுக்கு நவம்பர்தான் வழிகாட்டி.

அந்த 10-லும் ஒரு சிக்கல் வந்தது. துணைவேந்தர் நியமனத்தை மாற்றும் பகுதிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே 21 அன்றே இடைக்காலத் தடை போட்டது; அது தனி வழக்கு. என் சான்றிதழில் கமிட்டிக்காரர் ஒருவரின் கையெழுத்துதான் இருக்கிறது.