சாயல் வந்தால் வரட்டும், எழுதுங்கள்

எந்தக் கதையை எழுதினாலும் எழுத்தாளர் அசோகமித்திரன் சாயல் வருகிறது, அதனால் பாதியிலேயே கிழித்துப் போடுகிறேன் என்கிறீர்கள். தயவுசெய்து கிழிக்காதீர்கள். ஆரம்பத்தில் சாயல் வரத்தான் செய்யும்.

அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். 'புலிக்கலைஞன்' கதையில் சினிமா ஸ்டுடியோவுக்கு வாய்ப்புத் தேடி வரும் காதர், அந்த அறைக்குள்ளேயே புலியாக மாறிவிடுகிறான். சற்று நேரத்தில் சாப்பாட்டுக்கே வழியில்லாத மனிதனாக நிற்கிறான். ஆசிரியர் நம்மை அழச் சொல்வதில்லை, நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். அந்த அடக்கம்தான் நீங்கள் கற்க வேண்டியது. அந்தக் கதையை ஒருமுறை நோட்டில் கையால் எழுதிப் பாருங்கள், ஒவ்வொரு வாக்கியமும் எங்கே நிற்கிறது என்பது பிடிபடும்.

அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, நீங்கள் வேலை செய்யும் அம்பத்தூர் லேத் பட்டறையை ஒரு பக்கம் எழுதுங்கள். கட்டிங் ஆயில் வாடை, ஷிப்ட் முடிந்து சோப்புத்தூள் போட்டுக் கை கழுவுவது, நகக்கண்ணில் போகாத கறுப்பு. இதெல்லாம் உங்களுடையது, யாரிடமிருந்தும் வாங்கியதில்லை.

ஒருவரையே படித்தால் அவர் நடை ஒட்டிக்கொள்ளும். லீவு நாளில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய் தி. ஜானகிராமனையும் கு. அழகிரிசாமியையும் எடுத்துப் படியுங்கள். அந்தப் பட்டறைப் பக்கம் முடிந்ததும் அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.